வீட்டு அபாயக் கழிவுச் சேகரிப்பு: பணம் திரட்டுவதிலிருந்து கடைசி டிரம் வண்டி ஏறும் வரை

ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் பரண் மேலோ படிக்கட்டுக்கு அடியிலோ இப்படி ஒரு மூலை இருக்கிறது. பாதி தீர்ந்த பெயின்ட் டப்பா, மூடி துருப்பிடித்த தின்னர், லேபிள் கிழிந்த பூச்சிமருந்து, எரிந்துபோன டியூப் லைட், உப்பிப்போன கைப்பேசி பேட்டரி எல்லாம் அங்கே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். வீடு மாறும்போதோ, வீட்டுப் பெரியவர் காலமான பிறகு அவர் அறையை ஒழிக்கும்போதோ அவை மொத்தமாகக் குப்பைத் தொட்டிக்குப் போகின்றன. அங்கே அவற்றை முதலில் தொடுபவர் தூய்மைப் பணியாளர். குப்பை லாரியின் அழுத்துப்பொறிக்குள் நசுங்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கிறது. உடையும் அமிலப் புட்டி முகத்தில் தெறிக்கிறது. சாக்கடையில் ஊற்றியது கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நுண்ணுயிர்களைக் கொல்கிறது. மண்ணில் ஊற்றியது கிணற்றுக்கு வந்து சேர்கிறது.

இவற்றைத் தனியாக வாங்கி முறையாக ஒழிக்க ஒரு திட்டம் தொடங்க நினைக்கும் உள்ளாட்சி உறுப்பினர்கள், சுகாதார அலுவலர்கள், குடியிருப்போர் சங்கத்தினர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய திட்டங்கள் ஆர்வம் குறைந்து நிற்பதைவிடப் பணம் வற்றி நிற்பதே அதிகம். முதல் சேகரிப்பு நாளுக்கு யாராவது நன்கொடை தந்துவிடுவார்கள். மூன்றாம் ஆண்டுக்கு யார் தருவார்கள்? இதற்கு விடை கிடைக்கும் முன் தேதி குறிக்க வேண்டாம். ஒருமுறை வாசலைத் திறந்துவிட்டால், மக்கள் தங்கள் வீட்டில் இருப்பதைத் தனியே எடுத்து வைத்து அடுத்த முறைக்காகக் காத்திருப்பார்கள். அது வரவில்லை என்றால் எடுத்து வைத்ததெல்லாம் மறுபடியும் குப்பைத் தொட்டிக்கே போகும். உங்கள் மீதிருந்த நம்பிக்கையும் கூடவே போகும்.

முதல் படி: எதை வாங்குவது, எதைத் திருப்பி அனுப்புவது

தீப்பற்றுவது, அரிப்பது, நச்சானது, வேறொன்றுடன் சேர்ந்தால் வெடிப்பது அல்லது புகைவது ஆகிய நான்கில் ஒன்று இருந்தால் அது அபாயக் கழிவு. எண்ணெய் பெயின்ட், தின்னர், வார்னிஷ், பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலி மருந்து, கழிப்பறை அமிலம், அடைப்பு நீக்கும் காரம், நீச்சல்குளக் குளோரின், பழைய என்ஜின் ஆயில், பிரேக் ஆயில், பேட்டரிகள், பாதரசம் உள்ள விளக்குகளும் வெப்பமானிகளும் எல்லாம் இதில் அடங்கும்.

வெடிபொருள், துப்பாக்கித் தோட்டா, கதிரியக்கப் பொருள், ஆஸ்பெஸ்டாஸ், பெரிய எரிவாயு சிலிண்டர் ஆகியவற்றை வாங்காதீர்கள். அவற்றுக்குத் தனித் துறைகளும் தனிப் பயிற்சியும் உண்டு. ஆனால் ‘வாங்கமாட்டோம்’ என்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொன்றையும் எங்கே கொடுப்பது என்று எழுதிய ஒரு சீட்டை நுழைவாயிலில் தயாராக வைத்திருங்கள். வெறுங்கையோடு திரும்பிப் போகும் ஒருவர் அந்தப் பொருளை அடுத்த தெரு முனையில் வைத்துவிட்டுப் போக வாய்ப்பு உண்டு.

இனி, பணத்தை அதிகம் தின்னும் முடிவு: தண்ணீரில் கரையும் சுவர் பெயின்ட்டை வாங்கலாமா? அபாயம் குறைவு, வந்து குவியும் அளவோ மிக அதிகம். கட்டுப்பாடு வைக்காவிட்டால் உங்கள் நிதியில் பெரும்பகுதி இந்த ஒரு பொருளுக்கே போய், பூச்சிமருந்துக்கும் பாதரசத்துக்கும் மீதம் இருக்காது. புதிய சுவர் பெயின்ட்டை மரத்தூள் கலந்து நன்கு உலர்த்திச் சாதாரணக் குப்பையில் போட உங்கள் ஊர் விதி அனுமதித்தால், அந்தச் செய்முறையை மக்களுக்குச் சொல்லிவிட்டு அதை விலக்குங்கள் என்பதே என் ஆலோசனை. பழைய டப்பாக்களுக்கு விதிவிலக்கு கொடுங்கள். ஒரு காலத்தில் பெயின்ட்டில் ஈயமும், கெடாமல் இருக்கப் பாதரசச் சேர்மங்களும் கலந்தார்கள். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 1978-இல்தான் தடை வந்தது. சுவர் பெயின்ட்டில் பாதரசத்தை நிறுத்த 1990-கள் வரை ஆனது. வேறு பல நாடுகளில் இன்னும் தாமதம். டப்பாவின் வயது தெரியவில்லை என்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைகள், பட்டறைகள், சிறு தொழிற்கூடங்கள் கொண்டுவருவதை வீட்டுக் கழிவோடு சேர்க்காதீர்கள். அமெரிக்காவின் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வீட்டிலிருந்து வரும் தின்னருக்கு அபாயக் கழிவு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. அதே தின்னர் பட்டறையிலிருந்து வந்தால் விலக்கு இல்லை. இரண்டும் ஒரே டிரம்மில் கலந்துவிட்டால் வீட்டுக் கழிவுக்கு இருந்த விலக்கும் கைவிட்டுப் போகலாம். சிறு தொழில்களையும் வரவேற்க வேண்டும் என்றால் அவர்களுக்கு வேறு நாள், வேறு பதிவேடு, முழுக் கட்டணம் என்று வையுங்கள்.

இரண்டாம் படி: சட்டத்தைத் துணைக்கு அழைப்பது

அனுமதி வாங்குவது சடங்கு போலத் தோன்றலாம். ஆனால் மன்றத்தில் நிதி கேட்கும்போது கையில் சட்டம் இருப்பது பெரிய பலம். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு அபாயக் கழிவுக்கென 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் அமைக்கும் கடமையை உள்ளாட்சிகளுக்கு விதித்தன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வீட்டு அபாயக் கழிவுக்குத் தனிச் சேகரிப்பு 2025 ஜனவரி 1-க்குள் ஏற்பட வேண்டும் என்று சட்டம் சொன்னது. உங்கள் ஊருக்கு எந்த விதி பொருந்துகிறதோ அதன் நகலை எடுத்து, கடமை யார் மேல் விழுகிறது என்ற வரியை அடிக்கோடிட்டுத் தீர்மானத்தோடு இணையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி, தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல் மூவருக்கும் எழுத்துமூலம் தெரிவித்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள். தீயணைப்பு அலுவலரை இடம் தேர்வு செய்யும்போதே அழைத்துவிட்டால் பிற்பாடு வரும் பாதிச் சிக்கல்கள் வராது.

மூன்றாம் படி: பணம்

முதலில் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடுங்கள். ஒரு நாள் முகாமுக்கு, அழைக்கப்படும் வீடுகளில் நூற்றுக்குச் சில வீடுகளே வரும். கணக்கைப் பார்க்க, 20,000 வீடுகள் உள்ள ஊரில் 3 விழுக்காடு வரும் என்று வைத்துக்கொள்வோம்: 600 வண்டிகள். வண்டிக்கு 25 கிலோ என்றால் 15,000 கிலோ. ஒப்பந்ததாரர் சொல்லும் கிலோ விலையால் இதைப் பெருக்குங்கள். அதனுடன் அவர் ஆட்களையும் பொருள்களையும் கொண்டுவந்து இறக்கும் நிலையான கட்டணம், இடம், காப்பீடு, விளம்பரம், பாதுகாப்புக் கருவிகள், உங்கள் ஊழியர்களின் மிகைநேர ஊதியம் ஆகியவற்றைச் சேருங்கள். வருகை இரண்டு மடங்கானால் என்ன ஆகும் என்று இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். அந்த இரண்டாவது தொகைக்கு மன்றத்தின் ஒப்புதல் வாங்குங்கள். கையிருப்பு முடிந்துவிட்டது என்று சொல்லி மதியம் வாசலை அடைத்த முகாமை மக்கள் மறக்கமாட்டார்கள்.

முதல் முகாமில் பல ஆண்டுச் சேமிப்பு இறங்கும் என்பதால் வண்டிக்கான எடை கூடுதலாக இருக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த எடை குறையக்கூடும். ஆனால் சேதி பரவி வண்டிகளின் எண்ணிக்கை ஏறும். ஆகவே செலவு தானாகக் குறைந்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இந்தப் பணம் எங்கிருந்து வரலாம்?

பொது வரி வருவாயிலிருந்து ஒதுக்கீடு பெறுவது எளிது, இழப்பதும் எளிது. நிதி நெருக்கடி வரும் முதல் ஆண்டிலேயே வெட்டப்படும் தலைப்பு இதுவாகத்தான் இருக்கும். மானியமும் நன்கொடையும் வந்தால் அவற்றைக் கொட்டகை, தராசு, தீப்புகா அலமாரி போன்ற ஒருமுறைச் செலவுகளுக்கு மட்டும் வையுங்கள். ஆண்டுதோறும் வரும் ஒழிப்புச் செலவை மானியத்தின் மேல் ஏற்றினால், மானியம் நிற்கும் நாளில் திட்டமும் நின்றுவிடும்.

குப்பைக் கட்டணத்துடன் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிறு தொகையைச் சேர்ப்பதே, என் பார்வையில், பெரும்பாலான ஊர்களுக்குப் பொருத்தமான அடித்தளம். சுமை எல்லோர் மேலும் பரவுகிறது, ஒவ்வொருவருக்கும் மிகச் சிறிதாக இருக்கிறது, ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கிறது. இந்த வருவாயைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லையெனில் சாலைப் பள்ளம் மூட அதை எடுத்துக்கொள்வார்கள். குப்பைக் கிடங்குக்குள் வரும் டன்னுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் முறையும் உண்டு. அதில் ஒரு பொறி இருக்கிறது: ஊர் குப்பையைக் குறைக்கக் குறைக்க உங்கள் வருவாயும் குறையும். கழிவுநீர்க் கட்டணத்தில் ஒரு பங்கைக் கேட்பது பலருக்குத் தோன்றுவதில்லை. சாக்கடையில் பூச்சிமருந்தும் தின்னரும் கலக்காமல் இருப்பதால் நேரடிப் பயன் பெறுவது சுத்திகரிப்பு நிலையம்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள கிங் கவுன்டி (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது), குப்பைக் கட்டணம், கழிவுநீர்க் கட்டணம் இரண்டிலிருந்தும் எடுத்தே தன் திட்டத்தை நடத்துகிறது. கழிவுநீர்ப் பொறியாளரை உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள்.

வாசலில் வீட்டாரிடம் கட்டணம் வாங்கலாமே என்று நிதிக் குழுவில் கட்டாயம் ஒருவர் கேட்பார். உறுதியாக மறுத்துவிடுங்கள். சிரமப்பட்டு எடுத்துக்கொண்டு வரும் மனிதரிடம் பணம் கேட்டால், பணம் கேட்காத குப்பைத் தொட்டி வீட்டு வாசலிலேயே இருக்கிறது என்பது அவருக்கு நினைவு வரும்.

அடுத்து, உற்பத்தியாளர்கள். பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருபவரே அதன் கடைசிக் கட்டத்துக்கும் பொறுப்பு என்ற கொள்கையை 1990-இல் ஸ்வீடனில் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் முன்வைத்தார். அது இன்று பல நாடுகளில் சட்டமாகியிருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 1994-இலேயே பெயின்ட்டுக்கு இதைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் 2009-இல் சட்டம் இயற்றியது. பெயின்ட் விற்கும்போதே ஒரு சிறு கட்டணம் விலையில் சேர்கிறது, அந்தப் பணத்தில் தொழில்துறையே அமைத்த பெயின்ட்கேர் என்ற அமைப்பு கடைகள் வழியே மிச்சப் பெயின்ட்டைத் திரும்பப் பெறுகிறது. பின்னர் வேறு பல மாநிலங்களும் இதே வழியைப் பின்பற்றின. சிறிய உள்ளாட்சியால் இதைச் செய்ய முடியுமா என்று தயங்குவோர் கலிஃபோர்னியாவின் அலமீடா கவுன்டியைப் பார்க்கலாம். காலாவதியான மருந்துகளைத் திரும்பப் பெறும் செலவை மருந்து உற்பத்தியாளர்களே ஏற்க வேண்டும் என்று 2012-இல் அந்தக் கவுன்டி விதி செய்தது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கவுன்டிக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது.

உங்கள் ஊரில் அப்படிப்பட்ட சட்டம் இல்லை என்றாலும் வழி உண்டு. பேட்டரி விற்கும் கடை பேட்டரியையும், விளக்கு விற்கும் கடை விளக்கையும் திரும்ப வாங்க ஒப்புக்கொண்டால், அந்த அளவுக்கு உங்கள் செலவு மிச்சம். வாகனங்களின் ஈய பேட்டரிக்கும் நல்ல பழைய எண்ணெய்க்கும் சந்தை விலை உண்டு. அவற்றை விற்று வரும் தொகையைக் கூடுதல் வரவாக எழுதுங்கள். அதை நம்பி வரவுசெலவுத் திட்டம் போடாதீர்கள்.

ஊர் சிறியது என்றால் பக்கத்து ஊர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலையான கட்டணம் பங்கிடப்படும். பெரிய அளவு என்பதால் கிலோ விலையிலும் பேரம் பேசலாம். யார் எவ்வளவு தருவது என்பதை மக்கள்தொகைப்படி பிரிப்பதா, வந்த வண்டிகளின் எண்ணிக்கைப்படி பிரிப்பதா என்று முகாமுக்கு முன்பே எழுதிக் கையொப்பமிடுங்கள். நாம் பரிந்துரைப்பது இரண்டின் கலவை: நிலையான செலவு மக்கள்தொகைப்படி, ஒழிப்புச் செலவு வண்டிகளின் கணக்குப்படி.

நான்காம் படி: ஒப்பந்ததாரர்

டெண்டரில் குறைந்த விலை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். ‘டிரம்முக்கு இவ்வளவு’ என்ற விலையில், அரை டிரம் நிரம்பியதற்கும் முழு விலை கொடுக்க நேரிடும். நிகர எடைக்கு விலை கேளுங்கள். எடை போடும் தராசு உங்கள் கண்முன் இருக்கட்டும். ஒவ்வொரு வகைக்கும் தனி விலையோடு, அது எங்கே போகிறது, அங்கே என்ன ஆகிறது என்றும் எழுதி வாங்குங்கள்: மறுசுழற்சி, எரிபொருளாகக் கலத்தல், உயர்வெப்ப எரிஉலை, பாதுகாக்கப்பட்ட நிலநிரப்பு என்று. ஒரே தின்னரைப் புட்டி புட்டியாக அடுக்கி அனுப்புவதைவிட ஒரு டிரம்மில் ஊற்றிச் சேர்த்து அனுப்புவது மலிவு. ஆனால் ஊற்றும் இடத்தில் ஆவியும் தீ அபாயமும் உண்டு. அதற்கு அவர்களிடம் அனுமதியும் காற்றோட்ட வசதியும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வரிகள் தேவை. வண்டி உங்கள் வாசலைத் தாண்டியதும் கழிவின் பொறுப்பு யாருடையது? ஒவ்வொரு சரக்கும் ஒழிக்கப்பட்டதற்கான சான்றிதழ் எத்தனை நாளில் வரும்? சான்றிதழ் கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். இதற்கு முன் அவர் பணி செய்த ஊர்களை நேரில் அழைத்துக் கேட்பதும், ஒருமுறை அவரது கிடங்கைப் போய்ப் பார்ப்பதும் எந்த ஆவணத்தையும்விட அதிகம் சொல்லும். துருவேறிய டிரம்கள் மழையில் நனைந்துகொண்டிருந்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வடிவமும் இடமும்

ஒரு நாள் முகாமைத் தொடங்குவது எளிது. கிலோவுக்கு ஆகும் செலவு அதிகம். நிரந்தர மையத்துக்கு முதலீடு அதிகம். நாளடைவில் கிலோ செலவு குறையும், வருகையும் கூடும், மக்களும் தங்களுக்குத் தோதான நாளில் வரலாம். தூரத்துக் குடியிருப்புகளுக்கு நடமாடும் வண்டி ஏற்றது. முகாமில் தொடங்கி, வருகைக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிரந்தர மையத்துக்கு நிதி கேட்பதே நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

இடம் கான்கிரீட் அல்லது தார் போட்டதாக, ஓரளவு சமமாக, கூரையுடன் இருக்க வேண்டும். அங்கே உள்ள மழைநீர் வடிகால் வாய்களை முந்தின நாளே ரப்பர் விரிப்பால் மூடிவிடுங்கள். வண்டிகள் ஒரு வழியில் நுழைந்து மறு வழியில் வெளியேற வேண்டும். பள்ளி, மருத்துவமனை, கிணறு அருகே வேண்டாம். மேலே கணக்கிட்ட 600 வண்டிகள் 6 மணி நேரத்தில் வந்தால் மணிக்கு 100. ஒரு வண்டியை இறக்க 4 நிமிடம் என்றால், ஒரே நேரத்தில் 7 வண்டிகளை இறக்கும் வசதி வேண்டும். காலை முதல் மணி நேரத்தில் இதைவிட அதிகம் வரும். வரிசை பிரதான சாலையை எட்டாதபடி உள்ளேயே நிறுத்த இடம் விடுங்கள். முன்பதிவு வைத்து நேரம் ஒதுக்கினால் இந்த நெரிசல் பாதியாகும்.

ஆறாம் படி: மக்களுக்குச் சொல்வது

அறிவிப்பில் நான்கு செய்திகள் போதும். பொருள் வந்த டப்பாவிலேயே கொண்டுவாருங்கள், குடிநீர்ப் புட்டிகளில் மாற்றாதீர்கள். ஒன்றோடொன்றைக் கலக்காதீர்கள். ஒழுகும் டப்பாவை ஒரு வாளிக்குள் வைத்து, வண்டியின் பின்புறப் பெட்டியில் ஏற்றுங்கள், குழந்தைகளை அழைத்து வராதீர்கள். லித்தியம் பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டுங்கள்.

காரணத்தையும் ஒரே வரியில் சொல்லுங்கள். ஒரு காரில் ஒருமுறை மாற்றிய பழைய ஆயில் 10 லட்சம் காலன் (ஏறக்குறைய 38 லட்சம் லிட்டர்) நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. இதுபோன்ற ஒரு செய்தி மக்கள் மனத்தில் நிற்கும். டியூப் லைட்டுகள் இன்னும் நெடுங்காலம் வந்துகொண்டிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்: 2023-இல், பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா சர்வதேச உடன்படிக்கையின் நாடுகள் அவற்றின் உற்பத்தியை 2027-க்குள் நிறுத்த முடிவு செய்தன, வீடுகளில் எரிந்துகொண்டிருப்பவை அதன் பிறகும் ஒவ்வொன்றாகத்தான் அணையும்.

ஏழாம் படி: சேகரிப்பு நாள்

தன்னார்வலர்கள் வண்டிகளை வழிநடத்தலாம், கேள்வித்தாள் நிரப்பலாம், தண்ணீர் கொடுக்கலாம். ரசாயனத்தைத் தொடக்கூடாது. அவர்கள் எவ்வளவு ஆர்வமாகக் கேட்டாலும் இதில் தளர்வு வேண்டாம். பொருளைக் கொண்டுவந்தவரும் வண்டியை விட்டு இறங்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஊழியர் கையுறை, கண்ணாடி, மேலங்கி அணிந்து இறக்குவார். கண் கழுவும் வசதி பத்தடிக்குள் இருக்க வேண்டும்.

வந்தவை எல்லாம் பிளாஸ்டிக் விரித்த ஒரு மேசைக்குப் போகின்றன. முழு முகாமின் பாதுகாப்பும் இந்த மேசையில்தான் இருக்கிறது. அங்கே வேதியியல் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும். ஒவ்வொரு டப்பாவையும் லேபிளைப் படித்து, தீப்பற்றுபவை, அமிலங்கள், காரங்கள், ஆக்சிஜனேற்றிகள் (மற்றவற்றை எரியத் தூண்டுபவை), நஞ்சுகள், பேட்டரிகள், பாதரசம் என்று பிரிப்பார். பிளீச்சுடன் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு எழும்; பிளீச்சுடன் அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு. நீச்சல்குளத்துக்குப் போடும் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளின் மீது பிரேக் ஆயில் சிந்தினால் சிறிது நேரத்தில் தானாகவே தீப்பற்றும். இந்த இரண்டும் கார் வைக்கும் கொட்டகையில் ஒரே அலமாரியில் இருந்து, ஒரே அட்டைப்பெட்டியில் உங்களிடம் வரும். ஆகவே பெட்டியை மேசை மேல் கவிழ்க்காமல் ஒவ்வொன்றாக எடுக்கப் பழக்குங்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகள் தானியக் கிடங்குகளில் பூச்சிக்கு வைப்பவை; ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற கொல்லும் வாயு வரும். அந்தக் குப்பியை அங்கே திறக்கவே கூடாது.

லேபிள் இல்லாத புட்டிதான் மிகவும் சோதிக்கும். கலங்கிய மஞ்சள் நிறத் திரவம், கார்க் மூடி, கொண்டுவந்தவருக்கு அது மாமனாருடையது என்பது மட்டும் தெரியும். முதலில் மூடியைச் சுற்றிப் படிகம் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிகம் இருந்தால் கை வைக்காமல் அந்த இடத்தை விட்டு விலகி, தீயணைப்புத் துறையையோ வெடிபொருள் நிபுணரையோ அழையுங்கள். பழைய ஈதரும் உலர்ந்த பிக்ரிக் அமிலமும் தட்டினாலே வெடிக்கக்கூடியவை. படிகம் இல்லை என்றால், காற்றோட்டமான தனி மூலையில் ஒரு துளியை எடுத்துச் சோதிப்பார்கள். பிஎச் தாள் சிவந்தால் அமிலம், நீலமானால் காரம். பொட்டாசியம் அயோடைடு ஸ்டார்ச் தாள் கருநீலமானால் ஆக்சிஜனேற்றி. அதன்பின் தண்ணீரில் ஒரு துளி: கரைகிறதா, மிதக்கிறதா, மூழ்குகிறதா. இவ்வளவு தெரிந்தாலே எந்தப் பெட்டியில் வைக்கலாம் என்று முடிவு செய்துவிடலாம். மூக்கால் முகர்ந்து பார்ப்பது சோதனை ஆகாது, யாரையும் அனுமதிக்காதீர்கள்.

பழைய எண்ணெய்க்குத் தனிக் கவனம் வேண்டும். ஒருவர் தன் எண்ணெய்க் கேனில் கிரீஸ் நீக்கும் குளோரின் கரைப்பானைக் கலந்து கொண்டுவந்து, அதைப் பொதுத் தொட்டியில் ஊற்றிவிட்டால் முழுத் தொட்டியும் கெட்டுவிடும். அமெரிக்க விதிப்படி ஹாலஜன் (குளோரின் போன்ற தனிமங்கள்) அளவு 1,000 பிபிஎம்-ஐ, அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கை, தாண்டினால், அப்படி இல்லை என்று நிரூபிக்காதவரை அந்த எண்ணெய் அபாயக் கழிவு கலந்ததாகவே கருதப்படும். விற்று வருமானம் தர வேண்டிய தொட்டி, அதிக விலை கொடுத்து எரிக்க வேண்டியதாகிவிடும். தீப்பற்றும் பொருள்களிலிருந்து நன்கு தள்ளி, ஒரு செம்புக் கம்பியைச் சுடரில் நிறமற்று எரியும்வரை காய்ச்சி, எண்ணெயில் தொட்டு மறுபடி சுடரில் காட்டுங்கள். பச்சை நிறம் தெரிந்தால் அந்தக் கேன் தனியே போகட்டும். பெரிய தொட்டிக்குப் பதில் சிறிய டிரம்களாக வைத்தால் ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும்.

பாதரசம் உள்ள பொருள் உடைந்தால் துடைப்பத்தையோ வாக்குவம் கிளீனரையோ எடுக்கக்கூடாது. துளிகள் சிதறி ஆவி பரவும். ஒரு குழல் விளக்கில் இருப்பது சில மில்லிகிராம்தான். பழைய இரத்த அழுத்தமானி ஒன்றிலோ 100 கிராம் அளவுக்கு இருக்கும். அதை நிமிர்த்தியபடியே வாங்கி, இரட்டைப் பையிட்டு, தட்டில் வையுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியை மற்ற பேட்டரிகளோடு போடாமல், மணல் அல்லது வெர்மிகுலைட் (தீப்பற்றாத கனிமத் துகள்) நிரப்பிய உலோக வாளியில் தனித்தனியாகப் புதைத்து, கட்டடத்துக்கு வெளியே வைக்க வேண்டும்.

வேலை முடிந்த பிறகும் கழிவை ஏற்றும் கடைசி வண்டி போகவில்லை என்றால் யார் இரவு காவல் இருப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எட்டாம் படி: ஒழிப்பதற்கு முன் பயன்படுத்துவது

வருபவற்றில் திறக்கப்படாத டப்பாக்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு இருக்கும். நல்ல நிலையில் உள்ள பெயின்ட், வார்னிஷ், சுத்தம் செய்யும் திரவங்களை ஓர் அலமாரியில் வைத்து, வேண்டுவோர் கையொப்பமிட்டு இலவசமாக எடுத்துக்கொள்ள விடுங்கள். ஒரே வகைச் சுவர் பெயின்ட்டுகளை வடிகட்டிக் கலந்தால் சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் ஒன்று கிடைக்கும். பொதுச் சுவர்களுக்குப் போதுமானது. எடுத்துச்செல்லப்படும் ஒவ்வொரு கிலோவும் ஒப்பந்ததாரருக்குக் கொடுக்க வேண்டாத கிலோ. பூச்சிமருந்தை மட்டும் இந்த அலமாரியில் வைக்காதீர்கள். பழைய பூச்சிமருந்துகளில், எளிதில் சிதையாத நச்சுகளுக்கான ஸ்டாக்ஹோம் சர்வதேச உடன்படிக்கை கட்டுப்படுத்திய டிடிடி, லிண்டேன், எண்டோசல்ஃபான் போன்றவை இருக்க வாய்ப்புண்டு. அவை இன்னொரு தோட்டத்துக்குப் போகக்கூடாது.

ஒன்பதாம் படி: கணக்கு

முகாம் நடந்த வாரத்திலேயே எழுதிவிட வேண்டியவை: வந்த வீடுகள், எந்தப் பகுதியிலிருந்து, வகைவாரியாக எடை, வகைவாரியாகச் செலவு, மறுபயன்பாட்டுக்குப் போனது, திருப்பி அனுப்பியது, நடந்த சிறு விபத்துகளும் நூலிழையில் தப்பியவையும். வண்டியில் காத்திருந்தவர்களிடம் நிரப்பி வாங்கிய கேள்வித்தாளில் இரண்டு கேள்விகள் முக்கியம்: ‘எங்கே கேள்விப்பட்டீர்கள்?’, ‘இந்த முகாம் இல்லாவிட்டால் இதை என்ன செய்திருப்பீர்கள்?’ இரண்டாவது கேள்விக்கு ‘சாக்கடையில் ஊற்றியிருப்பேன்’ என்று வரும் பதில்களை எண்ணி, கழிவுநீர்த் துறைக்கு அனுப்பும் நிதிக் கோரிக்கையின் முதல் பக்கத்தில் போடுங்கள்.

செலவை வகைவாரியாகப் பார்க்கும்போது எந்தப் பொருள் உங்கள் பணத்தைத் தின்கிறது என்பது தெரியும். அந்தப் பொருளை விற்பவர்களின் கூட்டத்துக்கு அந்தத் தாளோடு போங்கள். வராத பகுதிகளின் பட்டியலையும் எடுங்கள். வண்டி இல்லாதவர்கள், வாடகைக் குடியிருப்புகளில் இருப்பவர்கள், முதியவர்கள் அங்கே இருப்பார்கள். அடுத்த ஆண்டு நடமாடும் வண்டி முதலில் அந்தத் தெருக்களுக்குப் போகும்படி திட்டமிட்டு, அதற்கான தொகையை வரவுசெலவுத் திட்டம் மன்றத்துக்கு வரும் முன்பே சேர்த்துவிடுங்கள்.